கழிச்சுப் போட்ட கிளவுஸ்

பாப்பா,

நல்லாருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமைதான் அரமணி நேரம் போன்ல பேசினோம். புது வண்டி எடுத்துட்டேன், ஒண்ணாந்தேதியிலேர்ந்து கூடுவாஞ்சேரி வூட்லேர்ந்து நாவலூர் ஆபீசுக்கு அதுலயேதான் போவப்போறேன், பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி பேஜாராப் போச்சும்மான்ன. சரின்னேன். அப்புறம் ஒண்ணு கேட்ட. "நீ வேல செஞ்ச கிளவுஸ் கம்பெனியில சகுந்தலாக்கா இன்னும் கீறாங்கல்ல, அவங்களாண்ட சொல்லி ஒரு ஜோடி ரிஜெக்ட் பீஸு எடுத்துக் குடும்மா. கடையில விக்கிற அதே கிளவுஸுதான, எங்கனா ஒரு தையல் கோணலா இருக்கும், அவ்ளோதான்"ன்ன. அதோட வுட்ருக்கலாம். "அண்ணன் மாதிரி வெறுங்கையோட போய் வுழுந்து வார மாட்டேன்"னு சிரிச்சிக்கினே சொன்ன. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சு. உங்கண்ணன் எம்பக்கத்துல உக்காந்து எடது கையில ஸ்பூனப் புடிச்சிக்கினு சாப்ட்டுக்கினு இருந்தான். நீ சொன்னத கேட்டான். மிச்ச சோத்தையும் தின்னு முடிச்சி, தட்டக் கழுவி வச்சிட்டு, யூனிபாரத்தப் போட்டுக்கினு அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் டூட்டிக்குப் போயிட்டான்.

நீ வெளாட்டுக்குத்தான் சொன்ன. உன்ன நான் குத்தம் சொல்லல. ஒம்போது வருசமா இந்த வூட்ல எல்லாரும் சொல்லிக்கினு வந்தது அதான, நீயும் அத்தத்தான் சொன்ன. ஆனா அது பொய்யி. உங்கண்ணன் அன்னிக்கு வெறுங்கையோட போவல. கிளவுஸ் போட்டுக்கினுதான் போனான். அந்தக் கிளவுஸ குடுத்தவ நான். அது நல்ல கிளவுஸு இல்லன்னு தெரிஞ்சே குடுத்தேன். அப்புறம் அவன் போடவே இல்லன்னு சொன்னவளும் நாந்தான். இத்த போன்ல சொன்னா நடுவுல நீ எதுனா கேப்ப, பாதியில வுட்டுடுவேன். அதான் எழுதறேன். எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் வராது, பேசறாப்லதான் எழுதறேன், பொறுமையாப் படி. ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி முழுசாப் படி.

அந்தக் கம்பெனியில நான் இன்னா வேல செஞ்சேன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல. தைக்கிறாங்கன்னு நெனச்சிருப்ப. மொத மூணு வருசம் தச்சேன், அப்புறம் செக்கிங் டேபிளுக்குப் போட்டாங்க. தச்ச கிளவுஸ சூடு பண்ணின இரும்புக் கை அச்சுல மாட்டி சுருக்கம் எடுத்துக் கொண்டாந்து கொட்டுவாங்க. ஒவ்வொண்ணையும் நான் உள்ள கைய வுட்டுப் பாக்கணும், விரல் விரலா இழுத்துப் பாக்கணும், தையல் மேல நகத்த ஓட்டிக்கினே போவணும். எங்கனா தையல் வுழாம ஊசி தாண்டியிருந்தா நகத்துக்குத் தெரிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்ச எடத்துல செவப்பு சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டுக் கூடையில போடுவேன். எல்லாம் வெளிநாட்டுக்குப் போற மோட்டார் சைக்கிள் கிளவுஸு. பெல்ட்டும் பர்ஸும் கூட அங்க செஞ்சாங்க. அதுல ரிஜெக்ட் ஆனத எங்களுக்கே குடுத்துடுவாங்க. உங்கப்பா கடசி வரைக்கும் வச்சிருந்த பர்ஸு அப்படி வந்ததுதான், நம்ம தெருவுல பாதி பேரு இடுப்புல கெடந்த பெல்ட்டும் நான் கொண்டாந்து குடுத்ததுதான். ஆனா கிளவுஸ் மட்டும் வெளிய வுட மாட்டாங்க. சனிக்கிழம சாயங்காலம் சூப்பர்வைசர் எதிர்ல உக்காந்து, குறி போட்ட கிளவுஸ் அத்தனையும் கத்தரியால ரெண்டா வெட்டணும். சேந்த புதுசுல, இவ்ளோ நல்ல தோல ஏன் சார் பாழாக்கறீங்கன்னு கேட்டேன். "பர்ஸு கிழிஞ்சா சில்லற கீழ வுழும், அவ்ளோதாம்மா. இது கிழிஞ்சா கை போயிடும்"னாரு. அதனால அது எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லவே முடியாது.

உங்கண்ணன் அப்ப ஐஸ் பேக்டரிங்களுக்கும் மீன் ஸ்டோருங்களுக்கும் கூலிங் மிஷின் ரிப்பேரு பாத்துக்கினு இருந்தான், உனக்கு நெனப்பிருக்கும். மாமல்லபுரத்துலேர்ந்து கடப்பாக்கம் வரைக்கும் எங்க மிஷினு நின்னாலும் இவனுக்குத்தான் போனு வரும். தெனம் வண்டி. கையெல்லாம் வெயில்ல கருத்து, உள்ளங்கை காச்சுப் போயிருக்கும். ஒரு நாளு டேபிளுக்கு ஒரு ஜோடி வந்துச்சு. கறுப்புத் தோலு, விரல் முட்டி மேல கெட்டியா ஓடு வச்சது, பாக்க அவ்ளோ அழகு. எடது கை சுத்தம். வலது கையில சுண்டு விரல் அடியிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வர்ற தையல்ல, ஒரே எடத்துல ஊசி நாலு தடவ தாண்டியிருந்துச்சு. நானே நகத்தால தடவிக் கண்டுபுடிச்சேன், நானே குறி போட்டேன். அப்புறம் அத்த வெட்ட மனசு வரல. நாலு தையலுதான, வூட்டுக்குப் போய் நானே ஒரு ஓட்டு ஓட்டிட்டா முடிஞ்சிதுன்னு தோணிச்சு. சாப்ட்ட டிபன் டப்பாவக் கழுவித் தொடச்சி, ரெண்டையும் மடிச்சி உள்ள அமுக்கிக் கொண்டாந்துட்டேன். ஈரத்துணியால குறியத் தொடச்சேன். நம்ம வூட்டு மிஷின் ஊசி அந்தத் தோலுல எறங்கல, ஒடஞ்சிடுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சேன். அந்த நாளைக்கு வரவே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். அது வெள்ளக்காரன் கைக்குத் தச்ச பெரிய சைஸு. உங்கண்ணன் கை உங்கப்பா கை மாதிரி, விரலும் குட்ட, அகலமும் கம்மி. போட்டுப் பாத்துட்டு, "தொளதொளன்னு கீதும்மா, விரல் நுனியில காத்துதான் கீது"ன்னான். நான் இன்னா சொன்னேன் தெரியுமா. "பெருசா இருந்தா இன்னாடா, உள்ள ஒரு துணி கிளவுஸ் போட்டுக்க"ன்னேன். உங்க ரெண்டு பேருக்கும் பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் ஒரு சைஸு பெருசாத்தான் வாங்கினேன். ஸ்கூல் யூனிபாரம் கீழ ரெண்டு மடிப்பு வச்சி, ஷூவுல பஞ்சு அடச்சி, போன தீவாளிக்கு எடுத்தது வர்ற தீவாளிக்கும் பத்தணும்னு. இருவத்தாறு வயசு ஆம்பளக்கி கை வளராதுன்னு கூட எனக்கு அன்னிக்கு ஒரைக்கல. அவனும் எதுத்துப் பேசாம போட்டுக்கினான். அம்மா குடுத்தாங்கன்னு கூட வேல செய்யறவனுங்களாண்ட காட்டியிருக்கான்.

ஒன்ற மாசம் போட்டுக்கினு போனான். அன்னிக்குக் கடப்பாக்கத்துல ஐஸ் பேக்டரி நின்னுபோச்சுன்னு காலையிலயே கூப்ட்டாங்க. அந்த ரோடு உனக்குத் தெரியும், காத்தடிக்கிற மாசத்துல கடல் மணலு பறந்து வந்து திருப்பத்துல படுத்துக் கெடக்கும். பதினோரு மணிக்கு நல்ல வெளிச்சத்துல, எதிர்ல ஆடு குறுக்க வந்திருக்குது. பிரேக்கப் புடிக்கப் போனப்ப, கிளவுஸோட காலி விரல் நுனி பிரேக் கம்பிக்கும் கைப்பிடிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சாம். முழுசாப் புடிக்க முடியல. இது அவன் எங்கிட்ட சொன்னது, ஒரே ஒரு தடவ சொன்னான். மணல்ல வண்டி சறுக்குச்சு. மனுசன் வுழும்போது கையத்தான் மொதல்ல ஊனுவான், அத்த யாரும் யோசிச்சி செய்யறதில்ல. ஊனின ஒடனே தையலு வுட்டுப்போச்சு. பெரிய சைஸு வேற, பாதி கழண்டு திரும்பிக்கிச்சு. மீனுக்கு ஐஸ் ஏத்தியாந்த டெம்போக்காரருதான் தூக்கிப் போட்டுக்கினு வந்தாரு. அவரு எங்கிட்ட ஒரு பையக் குடுத்து, "கிளவுஸ் கழண்டு ரோட்ல கெடந்துச்சும்மா, எடுத்து வச்சிருக்கேன்"னாரு. தெறந்து பாத்தேன். சுண்டு விரல் அடியிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் தெறந்து கெடந்துச்சு, நான் குறி போட்ட அதே எடம். உள்ள ரத்தமும் மணலும்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்கப்பா ஓடியாந்தாரு. நான் பையப் பொடவைக்குள்ள மறச்சிக்கினேன். எம்பக்கத்துல சகுந்தலா நின்னுக்கினு இருந்தா, அதே செக்கிங் டேபிள்ல எனக்கு அடுத்த சீட்டு. "கிளவுஸ் போட்ருந்தானாடி?"ன்னு உங்கப்பா கேட்டாரு. போட்ருந்தான்னு சொன்னா, அது எப்படிக் கிழிஞ்சிச்சு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு சகுந்தலா எதிர்லயே பேச்சு போவும். ரிஜெக்ட் எடுத்து வந்தது தெரிஞ்சா மறுநாளே வெளிய அனுப்பிடுவாங்க. அதெல்லாம் ஒரு நிமிசத்துல எம்மனசுல ஓடிச்சு. புள்ள உள்ள கத்திக்கினு கெடக்கறான், எனக்கு வேல ஞாபகம் வந்துச்சு பாரு. "போடலபோல"ன்னேன். அந்த ஒரு வார்த்ததான். கதவு தெறந்துதான் இருந்துச்சு. உங்கண்ணன் கட்டில்லேர்ந்து என்னப் பாத்தான். நான் சொன்னது அவன் காதுல வுழுந்துடுச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, மொகத்த அந்தப்பக்கம் திருப்பிக்கினான். வூட்டுக்கு வந்து அந்தக் கிளவுஸ நானே துண்டு துண்டா வெட்டிக் குப்பையில போட்டேன். கம்பெனியில வெட்ட மனசு வராதது, அன்னிக்கு வந்துச்சு.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தொடையிலேர்ந்து தோலு எடுத்து ஒட்டினாங்க, சீழ் புடிச்சி ரெண்டாந்தரம் வெட்டினாங்க, கடசியில ரெண்டு விரல் மடங்கினது மடங்கினதுதான். காப்பர் பைப்பப் புடிச்சி வெல்டு வைக்க அந்தக் கை ஒத்துழைக்கல. பேசி வச்சிருந்த பொண்ணு வூட்டுக்காரங்களும் வேணான்னுட்டாங்க. உங்கப்பா வாயி இருக்குதே, அவரு அவன ஒரு நாளு வுடல. "தொரைக்கு கிளவுஸ் போட்டா கை வேர்க்கும், அதான் வண்டி டப்பாவுல வச்சிக்கினு போயிருக்காரு"ம்பாரு. எடது கையால அவன் சாப்புடறதப் பாக்கப் புடிக்காம, தட்டத் தூக்கிக்கினு எழுந்து போயிடுவாரு. நீயும் பாத்திருக்க. அத்தனைக்கும் அவன் தலையக் குனிஞ்சிக்கினு இருப்பான். நான் சோறு போட்டுக்கினு இருப்பேன். ரெண்டு வருசம் முன்ன அவரு நெஞ்சு வலியில போய்ச் சேந்தப்ப, வாய்க்கரிசி போட உங்கண்ணனக் கூப்ட்டாங்க. அன்னிக்கு சோத்துக் கையாலதான் போடணும்னு அவன் புடிவாதமா அந்த மடங்கின விரலால அரிசிய அள்ளினான். பாதி வழியிலயே கொட்டிப் போச்சு. உங்க பெரியப்பா, "அப்பன் பேச்சக் கேட்டு கைய மூடிக்கினு போயிருந்தா இந்தக் கொற வந்திருக்குமா"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னாரு. அன்னிக்காவது நான் வாயத் தெறந்திருக்கணும். தெறக்கல, பாப்பா. நான் ரொம்பக் கேவலமா நடந்துக்கினேன்.

இப்ப நீ வண்டி ஏறப்போற. வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்ல தண்ணி லாரியும் டிப்பரும் எப்படிப் போவும்னு நான் சொல்லத் தேவையில்ல. சகுந்தலாகிட்ட நான் கேக்க மாட்டேன், நீயும் கேக்காத. கடைக்குப் போ. ஆன்லைன்ல படத்தப் பாத்து வாங்காத, கைய உள்ள வுட்டுப் பாக்கணும். போறதுக்கு முன்ன துணி அளக்கிற டேப்பால, பெருவிரல வுட்டுட்டு, உள்ளங்கைய விரல் முட்டியோட சேத்து சுத்தி அளந்து எழுதி வச்சிக்க. உன் கை சின்னக் கை. கடக்காரன் பொம்பளப் புள்ளைக்குன்னு தனியா இல்லம்மா, ப்ரீ சைஸு, இதப் போட்டுக்கோம்பான். ப்ரீ சைஸுன்னு ஒருத்தன் சொன்னா அந்தக் கடைய வுட்டு எறங்கிடு. போட்டுக்கினு கைய விரிச்சிப் பாரு, எந்த விரல் நுனியிலயும் காலி எடம் தொங்கக் கூடாது. அப்புறம் வண்டி கைப்பிடிய புடிக்கிறாப்ல மடக்கு. உள்ளங்கையில தோலு மடிஞ்சி சுருட்டிக்கினு நின்னா பெரிய சைஸு, விரல் நுனி முட்டி வலிச்சா சின்ன சைஸு. தோலு போடப் போடக் கொஞ்சம் தளரும், அதனால மொத நாளு ஒட்டினாப்ல இருக்கறதுதான் சரி. துணி கிளவுஸு தளராது, அது மொதல்லயே சரியா இருக்கணும். முட்டி மேல இருக்கிற ஓடு கைய மடக்கும்போதும் முட்டி மேலயே நிக்கணும், பின்னாடி நழுவினா அது சும்மா ஷோவுக்கு.

அதுக்கப்புறம் மணிக்கட்டுப் பட்டிய இறுக்கிக்க. உம் புருசனாண்ட கைய நீட்டி, விரல் நுனியப் புடிச்சி நல்லா வலுவா இழுக்கச் சொல்லு. பாவம்னு மெதுவா இழுக்க வேணாம்னு சொல்லு. கழண்டு வந்துச்சுன்னா கடக்காரங்கிட்டயே திருப்பிக் குடுத்துடு, இன்னா அழகா இருந்தாலும். பட்டி இல்லாத கிளவுஸ கையில எடுக்கவே எடுக்காத. உள்ளங்கையில, மணிக்கட்டுக்குக் கிட்ட மேடா இருக்குதே, வுழுந்தா அதான் மொதல்ல ரோட்ட தொடும். அங்க ரெண்டு மடிப்புத் தோலோ, வழுக்குற மாதிரி கெட்டித் தகடோ இருக்கணும். சுண்டு விரல் பக்கத்துத் தையல் ரெண்டு வரிசையா ஓடியிருக்கான்னு பாரு. அப்புறம் கண்ண மூடிக்கினு அந்தத் தையல் மேல நகத்த வச்சி ஓட்டு. நகம் ஒரே சீரா போவணும், எங்கனா தடுக்கினா இல்ல வழுக்கினா ஊசி தாண்டியிருக்குது. கடக்காரன் மொறைப்பான், மொறைக்கட்டும். நம்ம ஊரு வெயிலுக்கு வேர்க்கும்னு யோசிக்காத, பொடிப்பொடியா ஓட்ட போட்ட தோலு கெடைக்குது, இல்ல மேல்பக்கம் கொசுவல மாதிரி துணி வச்சது கெடைக்குது, உள்ளங்கை மட்டும் தோலா இருக்கணும். மழையில நனைஞ்சா நெழல்ல காய வை, மொட்ட மாடி வெயில்ல போட்டா தோலு வெடிச்சிடும். ஒரு தடவ வுழுந்து ஒரசின கிளவுஸ மறுபடியும் போடாத.

இதுல ஒண்ணு கூட எனக்குப் புதுசாத் தெரிஞ்சதில்ல. அவன் அத்தப் போட்டுக்கினு கெளம்பின அன்னிக்கும் இவ்ளோவும் எனக்குத் தெரியும். ஊர்ல யாருக்கோ போற கிளவுஸ நான் நகத்தால தடவித் தடவிப் பாத்து அனுப்பினேன், எம்புள்ளைக்குக் கழிச்சுப் போட்டதக் குடுத்தேன். இத்த நீ படிக்கணும். படிச்சிட்டு எம்மேல கோவம் வந்தா வரட்டும், வராம இருந்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா கிளவுஸு வாங்காம ஒண்ணாந்தேதி வண்டிய எடுக்காத. அப்புறம் உங்கண்ணனுக்கு ஒரு போனு போடு. மன்னிப்பு கின்னிப்புன்னு பெருசா ஒண்ணும் பேச வேணாம், அவனுக்கு அது புடிக்காது. உங்க பெரியப்பாவுக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்.

இன்னிக்குக் காலையில அவங்கிட்ட சொன்னேன், பாப்பாவுக்கு எல்லாத்தையும் எழுதப்போறேன்னு. ஷூ லேஸ எடது கையால இழுத்துக்கினே, "இன்னாத்துக்கும்மா இப்ப, அவ நல்ல கிளவுஸா வாங்கிக்கினு போனா சரி"ன்னான். நீ ஏண்டா அன்னிக்கே சொல்லலன்னு கேட்டேன். "உன் வேல போயிருக்கும். பாப்பா அப்ப பன்னெண்டாவது"ன்னான். அவ்ளோ சாதாரணமா சொன்னான். நான் அவன் எதிர்ல தரையிலயே உக்காந்துட்டேன். என்ன மன்னிச்சிடுடான்னு ஒம்போது வருசத்துல மொத தடவயாக் கேட்டேன். அவன் அந்த லேஸ முடிச்சுப் போட்டு முடிச்சான். அப்புறம் எழுந்து, கதவாண்ட போயி, எம்பக்கம் திரும்பாமயே, "அப்பா உசுரோட இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்மா"ன்னான்.

உங்கம்மா